தோட்டம், வடிகால், நீச்சல்குளம்: மூணையும் ஒரே மனையில உக்கார வைக்க ஒரு முழு வழிகாட்டி

வீடு கட்டி முடிச்சு பெயிண்ட் அடிக்கிற நேரத்துலதான் நிறைய பேருக்கு "சுத்தி காலியா கெடக்கே, ஒரு லான் போட்டு, சின்னதா ஒரு பூல் வெட்டி, ரெண்டு தென்னை வச்சா ரிசார்ட் மாதிரி இருக்குமே"ன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. சென்னைக்குத் தெக்க, பள்ளிக்கரணை சதுப்புக்கு ரொம்ப தூரமில்லாத ஒரு ஏரியால ரெண்டு கிரவுண்ட் மனை, 60-க்கு 80 அடி, அதுல வீடு 1800 சதுர அடி போக மிச்சம் எல்லாம் வெறும் மண்ணு. மொத லான், அப்புறம் பூல், கடைசியா காசு மிஞ்சுனா வடிகால்னு ஒரு வரிசைல வேலைய முடிச்சோம். மொத ஐப்பசி மழைலயே லான்ல போட்ட செம்மண்ணு கரைஞ்சு பூலுக்குள்ள போயி தண்ணி டீ கலர்ல நின்னுச்சு, வீட்டுப் பின்பக்கம் கணுக்கால் அளவு தண்ணி, செடி பாதி அழுகிப் போச்சு. பக்கத்துத் தெரு மேஸ்திரி வந்து சுத்திப் பாத்துட்டு ஒரே வரிதான் சொன்னாரு, "வாட்டமே பாக்காம வேலை பாத்திருக்காங்க சார்."

அந்த வாட்டம்ங்கிற வார்த்தையதான் இந்த முழு வழிகாட்டியும் சுத்தி சுத்தி வரும். தண்ணி எந்தப் பக்கம் ஓடணும்னு தரைக்கு நாம குடுக்குற சரிவு அது. நம்ம ஊர் ஏரியப் பாருங்க, தண்ணி வர வரத்து வாய்க்கால், வேணும்போது தொறந்து விட மதகு, நெறஞ்சா மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கலங்கல், மூணும் இருந்தாதான் அது ஏரி. நீச்சல்குளம் அதுக்கு நேர் எதிர், அதுக்கு வரத்தே இருக்கக்கூடாது, வானத்துலருந்து நேரா விழுறது தவிர ஒரு சொட்டு வெளித்தண்ணி உள்ள போகக்கூடாது, ஆனா கலங்கல் மட்டும் கண்டிப்பா வேணும். தோட்டம் ரெண்டுக்கும் நடுவுல, தண்ணி வரணும், கொஞ்ச நேரம் நிக்கணும், போயிடணும். மூணுக்கும் மூணு விதமான தேவை. அதத் தெரிஞ்சுக்காம அழகா ஒரு த்ரீடி படம் போட்டுக் குடுக்குறவங்ககிட்ட போனா என் கதைதான்.

படி 1: ஒரு மழைக்காலம் சும்மா பாருங்க

முடிஞ்சா பூல் வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஐப்பசி–கார்த்திகைய சும்மா வேடிக்கை பாருங்க. மழை பெய்யும்போது குடைய எடுத்துட்டு வெளிய போயி தண்ணி எங்கருந்து வருது, எங்க நிக்குது, எத்தன மணி நேரம் நிக்குதுன்னு போன்ல படம் எடுத்து வைங்க. பக்கத்து மனைலருந்து உங்க மனைக்குள்ள வருதான்னு கண்டிப்பா பாருங்க, காம்பவுண்ட் சுவருக்கு அடில பொந்து வழியா வரது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ரோடு போட்டுப் போட்டு உசந்து போயிருந்தா ரோட்டுத் தண்ணியே கேட் வழியா உள்ள வரும், அப்ப கேட் கிட்டயே ஒரு மேடும் குறுக்க ஒரு கிரேட்டிங் வாய்க்காலும் வேணும்.

காத்திருக்க நேரமில்லன்னா டியூப் லெவல் வச்சாவது பாத்துடுங்க. கொத்தனார் வச்சிருக்குற தண்ணி ஊத்துன நீள பிளாஸ்டிக் டியூப்தான், ரெண்டு முனைலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், அத வச்சு பத்து அடிக்கு ஒரு இடம்னு மனை முழுக்க மட்டம் எடுத்து ஒரு பேப்பர்ல எழுதிக்கணும். ஸ்டார்டிங் பாயின்டா வீட்டு பிளிந்த் லெவல (வீட்டுத் தரை மட்டம்) வச்சுக்குங்க. அரை நாள் வேலை. என் மனைல ரோட்டுப் பக்கம் தாழ்வா இருக்கும்னு நான் நெனச்சேன், அளந்தா பின்பக்கத்த விட அது நாலு இஞ்ச் மேல, அதாவது மழைத்தண்ணி மொத்தமும் ரோட்ட விட்டுட்டு வீட்டுக்குப் பின்னாடி போயி உக்காரும், அங்கதான் நான் பூல் வெட்டி வச்சிருந்தேன்!

படி 2: மண்ண நோண்டிப் பாருங்க

ஒரே சென்னைல மூணு விதமான மண்ணு. பெசன்ட் நகர், திருவான்மியூர்னு கடலோரமா போனா மணல், தண்ணி சர்ருனு இறங்கிடும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண்ணு, பிடிச்சு வச்சுக்கும். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் பாறை. (அந்தக் கல்லுக்கு சார்னோகைட்னு பேரு, கல்கத்தால இருக்குற ஜாப் சார்னாக் கல்லறைல வச்சது பல்லாவரத்துக் கல்லு, அதனால அந்தப் பேரு. அங்க பூல் வெட்டுறவங்களுக்கு அந்தப் பெருமையெல்லாம் கணக்குல வராது, பாறை உடைக்கிற செலவுதான் வரும்.) கோயமுத்தூர்ப் பக்கம் கரிசல் மண்ணு இருந்தா இன்னும் ஜாக்கிரத, ஈரத்துல உப்பிப் பெருசாகும், காஞ்சா சுருங்கி வெடிக்கும், பூல் சுவர அது சும்மா விடாது. அங்க அந்த மண்ண எடுத்துட்டு கிராவல் போட்டு இறுக்கிட்டுதான் மேல போகணும்.

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழம்னு ஒரு குழி. தண்ணி ஊத்தி முழுசா ஊற விடுங்க, மறுபடி நிரப்புங்க, இப்ப ஒரு ஸ்கேல நட்டு வச்சு ஒரு மணி நேரத்துல எத்தன இஞ்ச் இறங்குதுன்னு பாருங்க. ஒரு இஞ்சுக்கு மேல இறங்குனா நல்ல மண்ணு, தண்ணிய மண்ணுக்குள்ளயே விட்டுடலாம். அரை இஞ்ச் கூட இறங்கலன்னா அங்க எவ்ளோ பெரிய மழைநீர் சேகரிப்புக் குழி போட்டாலும் அது தொட்டியாதான் நிக்கும், வெளிய எடுத்துட்டுப் போற வழி கட்டாயம் வேணும். ஒண்ணு கவனிங்க, நிறைய மனைல மேல ஒண்ணரை அடி கிராவல் ஃபில்லிங், கீழ களிமண்ணு. மேல மட்டும் நோண்டுனா ஆஹா நல்லா இறங்குதேன்னு ஏமாந்துடுவீங்க. மூணு அடி வரைக்கும் போங்க.

படி 3: கணக்கு, இத மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க

ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். அவ்ளோதான் கணக்கு. ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். என் ரெண்டு கிரவுண்டுக்கு 446. பத்து சென்டிமீட்டர் மழைனா 44,600 லிட்டர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் பதிவாச்சு, அதே மழை என் மனைல விழுந்தா ரெண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினெட்டு வந்து கொட்டுன மாதிரி. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல பெஞ்சது அதுக்கும் ரெண்டு மடங்கு கிட்ட.

இப்ப பைப். ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லிமீட்டர் வேகத்துல அடிச்சா என் மனைக்கு செகண்டுக்கு பன்னெண்டு லிட்டர் வருது. நாலு இஞ்ச் பிவிசி பைப், நூறு அடிக்கு ஒரு அடி வாட்டத்துல, அடைப்பு எதுவும் இல்லாம இருந்தா ஏறக்குறைய ஏழு லிட்டர் கொண்டு போகும். அதாவது பத்தாது. ஆறு இஞ்ச் போட்டா இருபது லிட்டர் கிட்ட போகும். மொத தடவ எனக்குப் போட்டது ஒரே ஒரு மூணு இஞ்ச் பைப், வாட்டம் நஹி. லான்லயும் செடிக்கட்டுலயும் கொஞ்சம் தண்ணி இறங்கும்தான், ஆனா மூணாவது நாள் மழைல மண்ணு ஏற்கனவே நெறஞ்சிருக்கும், அன்னிக்கு இறங்காது. அதனால மொத்தத்துக்கும் கணக்குப் போடுங்க, மிஞ்சுனா நல்லதுதான்.

படி 4: வாட்டமும் வாய்க்காலும்

வீட்டச் சுத்தி முதல் பத்து அடிக்கு ஆறு இஞ்ச் இறக்கம் இருந்தா அருமை, சின்ன மனைல அவ்ளோ முடியாது, குறைஞ்சபட்சம் தளம் போட்ட இடத்துல நூத்துக்கு ஒண்ணு, புல்லுல அம்பதுக்கு ஒண்ணு. புல்லுக்கு ஏன் அதிகம்னா தண்ணி புல்லுல மெதுவாதான் நகரும். கொத்தனார் கண்ணாலயே பாத்து "ஓடும் சார் ஓடும்"னு சொல்லுவாரு, நம்பாதீங்க, பூசுறதுக்கு முன்னாடி நூல் கட்டி அளக்கச் சொல்லுங்க, பூசுன அன்னிக்கே ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க.

லான் மட்டம் நடைபாதைய விட ஒரு இஞ்ச் கீழ இருக்கணும். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா லான் மேல இருந்தா ஒவ்வொரு மழைக்கும் மண்ணு பாதைல வரும், கீழ இருந்தா பாதைத் தண்ணி லானுக்குப் போகும். மண்ணு வருஷா வருஷம் உரம் எரு போடப் போட உசந்துட்டே வரும் வேற, அதனால ஆரம்பத்துலயே ஒன்றரை இஞ்ச் விட்டாலும் தப்பில்ல.

காம்பவுண்ட் ஓரமா ஆழமில்லாத ஒரு புல் வாய்க்கால் விடுங்க, ரெண்டு மூணு அடி அகலம், நடுவுல ஆறு இஞ்ச் பள்ளம், ரெண்டு பக்கமும் சாய்வு. வெயில் காலத்துல அது வெறும் புல்தரை மாதிரிதான் இருக்கும், குழந்தைங்க ஓடி விளையாடலாம், மழைக்கு அதுவே ஓடை. கான்கிரீட் வாய்க்காலுக்கு ஆகுற செலவுல கால்வாசி கூட ஆகாது. இடம் ரொம்ப கம்மியான பக்கத்துல மட்டும் ஓட்டை போட்ட பிவிசி பைப்ப பொதச்சு விடுங்க: ஒன்றரை அடி ஆழத்துல குழி, ஜியோடெக்ஸ்டைல் துணி விரிச்சு, மேல கொஞ்சம் ஜல்லி, அது மேல பைப், மறுபடி ஜல்லி, துணிய மடிச்சு மூடி மேல மணல். துணி இல்லாம போட்டா ரெண்டே வருஷத்துல மண்ணு பூந்து அடைச்சிடும். பைப் திரும்புற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு சின்ன சேம்பர், அடில ஆறு இஞ்ச் வண்டல் தங்குற மாதிரி. மழைக்கு முன்னாடி கைய விட்டு அள்ளிப் போடணும், அவ்ளோதான்.

கடைசில எல்லாம் எங்க போகுது? ரோட்டு மழைநீர் வடிகாலுக்கு. தயவு செஞ்சு பாதாள சாக்கடை மேன்ஹோலுக்குள்ள விடாதீங்க, தெருவே அப்படி செய்யுறதுனாலதான் மழைக்கு மேன்ஹோல் பொங்கி வீட்டு பாத்ரூம் வழியா வருது. ரோட்டு வடிகால் உங்க மட்டத்த விட மேல இருந்தா ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் (தண்ணிய வெளிய மட்டும் விடும், திரும்ப உள்ள வர விடாது), கூடவே மனையோட தாழ்வான மூலைல தண்ணி சேர ஒரு சம்ப், சப்மெர்சிபிள் பம்ப். கரண்டு போற அன்னிக்குதான் அந்த பம்ப் தேவப்படும்ங்கிறத மறக்காம இன்வெர்டர்ல ஒரு லைன் குடுத்துடுங்க.

படி 5: மண்ணுக்குள்ள விடுறது

தமிழ்நாட்டுல 2003-லருந்தே எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனா பல வீட்டுல அது அப்ரூவலுக்காக ஒரு பைப்பு, மூடி போட்ட ஒரு குழி, அவ்ளோதான். 2019 ஜூன்ல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு கெடந்தப்ப டேங்கருக்கு ராத்திரி முழுக்க காத்திருந்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

மணல் பூமினா மூணு அடி விட்டத்துல பன்னெண்டு அடி ஆழத்துக்கு சிமெண்ட் உறை இறக்கி ஒரு ரீசார்ஜ் கிணறு போடுங்க. அதுல நிக்கிற தண்ணி 2400 லிட்டர்தான், ஆனா உள்ள இறங்க இறங்க மறுபடி எடுத்துக்கும். மொட்டை மாடித் தண்ணி மட்டும் அதுக்குள்ள போகணும், அதுவும் முதல் மழைத் தூசித் தண்ணிய வெளிய விட்டுட்டு. களிமண் பூமினா கிணறோட அடில போர் போட்டு கீழ இருக்குற மணல் அடுக்குக்குக் கொண்டு போகணும். இன்னொண்ணு, எங்க ஏரியால டிசம்பர்ல நிலத்தடி தண்ணி தரைக்கு ரெண்டு மூணு அடி கிட்ட வந்துடும், அப்ப ரீசார்ஜ் கிணறு தண்ணி எடுத்துக்காது, அதுவே ஊத்து மாதிரி நெறஞ்சு நிக்கும். அதுக்கு ஓவர்ஃப்ளோ பைப் வைக்காத ஆளுங்க ஒவ்வொரு வருஷமும் மாட்டிக்கிறாங்க.

இதோட ஒரு மழைப்பள்ளமும் போடுங்க. அரை அடி ஆழத்துல சும்மா ஒரு தாழ்ந்த செடிக்கட்டு, மாடித் தண்ணில பாதி அங்க வரட்டும். கணக்கு: 900 சதுர அடி மாடில ஒரு இஞ்ச் மழைனா 75 கன அடி, அரை அடி ஆழத்துக்கு 150 சதுர அடி இடம் வேணும், பத்துக்குப் பதினஞ்சு. ரெண்டு நாளுக்குள்ள அது வத்திடணும். வத்தலன்னா கொசு. டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்கு முட்டைலருந்து பறக்க ஒரு வாரம் போதும், அதுக்கு சாக்கடை வேணாம், நல்ல தண்ணிதான் பிடிக்கும்.

படி 6: இப்பதான் பூல்

அளவுல ஆசைப்படாதீங்க. 20-க்கு 10 அடி, நாலு அடி ஆழம், ஒரு குடும்பத்துக்கு தாராளம். தண்ணி 22,600 லிட்டர், ரெண்டு லாரி. கோடைல ஒரு நாளைக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியாப் போச்சுன்னா 110 லிட்டர், அதத் தினம் ஊத்தியாகணும். போர் தண்ணில இரும்பு இருந்தா குளோரின் போட்ட உடனே தண்ணி காவிக்கலர்ல மாறும், கடலோரம்னா உப்பு, அதனால தண்ணிய டெஸ்ட் பண்ணிட்டுதான் ஆரம்பிக்கணும்.

எந்த இடத்துல? மனையோட தாழ்வான மூலைல வேணவே வேணாம். நாளைக்கு அஞ்சு ஆறு மணி நேரம் வெயில் விழணும், மேக்குப் பக்கம் ஒரு உசரமான செடி வேலி இருந்தா சாயங்கால வெயில் கண்ணுல குத்தாது. ஆனி ஆடி மேலக்காத்து இலையெல்லாம் அள்ளிட்டு வரும், அதனால மரத்துக்கு மேக்க பூல் இருக்கலாம், கிழக்க வேணாம். சமையலறை ஜன்னல்லருந்து பூல் தெரியணும், இது அழகுக்காக இல்ல, குழந்தைக்காக.

அடுத்து சொல்றதுதான் நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். பூல் மிதக்கும்! நெறஞ்ச பூல் ஒண்ணும் ஆகாது, காலியா இருக்குற பூல் மழைக்காலத்துல கப்பல் மாதிரி மேல வரும். கணக்கப் பாருங்க: எட்டு இஞ்ச் கனத்துல தரையும் சுவரும் போட்ட நம்ம 20-க்கு 10 பூலோட கான்கிரீட் எடை ஏறக்குறைய 23 டன். நிலத்தடி தண்ணி பூல் தரைக்கு மூணு அடி மேல ஏறுனா அது கீழருந்து தள்ளுற விசை 25 டன் கிட்ட. கான்கிரீட்டுக்கே இந்த கதி, ரெடிமேட் ஃபைபர் பூல்னா கேக்கவே வேணாம். சுத்தம் பண்றேன்னு கார்த்திகைல தண்ணிய எறச்ச ஒரு தெரிஞ்சவர் வீட்டுல பூல் ஒரு பக்கம் தூக்கி டைல்ஸ் எல்லாம் பொளந்து, பைப் ஒடஞ்சு, மறுபடி அத இறக்க வழியே இல்லாம இடிச்சுதான் கட்டுனாங்க.

அதுக்கு செய்ய வேண்டியது:
- பூல ஒன்றரை அடி தரைக்கு மேல தூக்கிக் கட்டுங்க. ஆழமும் கம்மியாத் தோண்டலாம், வெளித்தண்ணியும் வராது, விளிம்புல உக்காரவும் வசதி.
- தரை ஸ்லாப சுவருக்கு வெளிய ஒரு அடி நீட்டி விடுங்க, அது மேல மண்ணு உக்காந்து பிடிச்சுக்கும்.
- பூல் அடில தண்ணி வெளிய போற மெயின் டிரெயின்ல ஹைட்ரோஸ்டாடிக் வால்வ் வைங்க, வெளி அழுத்தம் ஏறுனா அது தானா தொறந்து நிலத்தடி தண்ணிய பூலுக்குள்ள விட்டுடும்.
- பூல் பக்கத்துல ஓட்டை போட்ட ஆறு இஞ்ச் பைப் ஒண்ண நிமித்தி வச்சு ஜல்லி சுத்திப் போடுங்க. டார்ச் அடிச்சா நிலத்தடி தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியும்.
- ஐப்பசிலருந்து தை வரைக்கும் எவர் சொன்னாலும் பூலக் காலி பண்ணாதீங்க.

மட்டமா ததும்பி நிக்கிற ஓவர்ஃப்ளோ பூல் பாக்க ஜோரா இருக்கும், ஆனா அதுக்கு வழியுற தண்ணிய வாங்கி வைக்க பேலன்சிங் டேங்க், சுத்தி வாய்க்கால்னு செலவு அதிகம், டெக்கோட (பூலச் சுத்திப் போடுற தளம்) வாட்டம் தப்பாச்சுன்னா தோட்டத்து அழுக்கு நேரா அந்த வாய்க்கால் வழியா ஃபில்டருக்குப் போகும். மழை ஊருக்கு என் ஓட்டு ஸ்கிம்மர் பூலுக்குத்தான், அதுல தண்ணி விளிம்புக்குக் கீழயே நிக்கும், சுவர்ல இருக்குற ஒரு வாய் வழியா மேல மிதக்குற குப்பைய இழுத்துக்கும். கலங்கல் ஞாபகம் இருக்குல்ல, டைல்ஸ் லைனுக்கு மேல ஒரு மூணு இஞ்ச் ஓவர்ஃப்ளோ பைப், அது நேரா வடிகாலுக்குப் போகணும். 2015 மாதிரி ஒரு நாள் வந்தா உங்க பூல்ல நேரா விழுறதே 9,100 லிட்டர்.

டெக் பூல விட்டு வெளிப்பக்கமா சாயணும், அடிக்கு கால் இஞ்ச், கடைசில கிரேட்டிங் போட்ட வாய்க்கால். கல்லு வாங்கும்போது பாலிஷ் பண்ணது வேணாம், ஈரத்துல வழுக்கும், ஃப்ளேம் பண்ண கிரானைட்டோ வெளிர் நிற சேண்ட்ஸ்டோனோ போடுங்க. கடப்பா கல்லு மதியம் ஒரு மணிக்கு தோசைக்கல்லு. பம்ப் ரூம தரைக்குக் கீழ வைக்கச் சொல்லுவாங்க, பாக்க மறைவா இருக்கும்னு. வைக்காதீங்க, மொத வெள்ளத்துல மோட்டார் போயிடும்.

டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி பூல நெறச்சு ஒரு வாரம் விட்டுப் பாருங்க. ஒரு பக்கெட்ல தண்ணி எடுத்து பூல் படில வைங்க, பக்கெட்ல குறைஞ்சதுக்கும் பூல்ல குறைஞ்சதுக்கும் வித்தியாசம் இருந்தா லீக்.

கரண்டு விஷயத்துல பேரம் பேசாதீங்க. பூல் லைட்டு 12 வோல்ட், லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிஞ்சா தானா கட் பண்ற ஸ்விட்ச்), ஏணி, கைப்பிடி எல்லா இரும்பும் எர்த்தோட சேந்திருக்கணும். பூல் தரைல டிரெயின் ரெண்டு வேணும், ஒண்ணுக்கொண்ணு மூணு அடி தள்ளி, ஒண்ணுல குழந்தையோட முடியோ கையோ இழுபட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும். நாலு அடி வேலி, தானா சாத்திக்கிற கேட். வேலி இருந்தா அழகு போயிடும்னு சொன்ன டிசைனர நான் மாத்திட்டேன்.

படி 7: செடி

செடி பேரு லிஸ்ட்ட வச்சுக்கிட்டு ஆரம்பிக்காம ஈரத்த வச்சு மனைய மூணாப் பிரிங்க: மழைல தண்ணி நிக்கிற இடம், சாதாரண இடம், காஞ்ச மேடு.

தண்ணி வந்து போற மழைப்பள்ளத்துக்கு கல்வாழை, சேம்பு, ஓரத்துல வெட்டிவேர். வெட்டிவேர் மாதிரி மண்ணப் பிடிச்சு வைக்கிற செடி கிடையாது, வேர் பக்கவாட்டுல போகாம நேரா பத்து அடி கீழ கூட இறங்கும், பூல் சுவரையும் பைப்பையும் தொடாது. வாய்க்கால் கரைல அத வரிசையா வச்சா செம்மண் கரையுறது நின்னுடும். நான் மொத தடவ இத வச்சிருந்தா அந்த டீ கலர் தண்ணிக்கு வேலையே இல்ல.

சாதாரண இடத்துக்கு செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ, கறிவேப்பிலை, எலுமிச்சை, இதெல்லாம் நம்ம வீட்டுச் செடி, புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. காஞ்ச மேட்டுக்கு கத்தாழை, ஆவாரை, போகன்வில்லா. லானுக்கு நிழல் இருந்தா எருமைப்புல், நல்ல வெயில்னா கொரியன் கிராஸ், செலவே வேணாம்னா நம்ம அருகம்புல். ஆனா லான சின்னதாவே வைங்க, தண்ணி குடிக்கிறதுல அதுதான் மொதலாளி.

பூல் பக்கத்துல மட்டும் தனி சட்டம். இலை சின்னதா இருக்குறது, பூ நிறைய கொட்டுறது ரெண்டும் வேணாம். வேம்பு மாசி பங்குனில மொத்த இலையையும் கொட்டும், அந்த சின்ன இலை ஸ்கிம்மர் கூடைல தங்காம போயி ஃபில்டர அடைக்கும். பவளமல்லி எனக்கு உசுரு, ஆனா விடியக்காலைல பூல் மேல வெள்ளக் கம்பளம் விரிச்ச மாதிரி கெடக்கும், பாக்க அழகு, அள்ளுறவனுக்குத் தெரியும். போகன்வில்லா பூவும் அப்படித்தான், முள்ளு வேற, வெறுங்காலோட நடக்குற இடத்துல அத வைக்காதீங்க. அரளி முழுக்க விஷம், குழந்தை இருந்தா அந்தப் பக்கமே வேணாம். தென்னை வேர் பிரச்சனை பண்ணாது, ஆனா குளிக்கிறவன் தலைல மட்டை விழும், பத்துப் பதினஞ்சு அடி தள்ளியே இருக்கட்டும். ஆல், அரசு காம்பவுண்டுக்குள்ளயே வேணாம். நர்சரில சீக்கிரம் வளரும்னு கோனோகார்பஸ் தலைல கட்டப் பாப்பாங்க, வேர் பைப்புக்குள்ள பூந்துடும், குஜராத்துல 2023-ல அதத் தடையே பண்ணிட்டாங்க. அப்ப என்னதான் வைக்கிறது? பெருங்கள்ளினு சொல்ற ஈழத்தலரி, இலை பெருசு, கையாலயே பொறுக்கலாம், வேர் அடக்கமா இருக்கும் (பால் பட்டா சிலருக்கு அரிக்கும்). அப்புறம் ஸ்பைடர் லில்லி. வெயிலும் மழையும் ரெண்டும் தாங்கும்.

பெரிய மரம் வைக்கணும்னா புங்கை, புன்னை, பூவரசு மாதிரி நம்ம மண்ணு மரம், வீட்டுக்கும் பூலுக்கும் பதினஞ்சு இருபது அடி விட்டு. 2016 டிசம்பர் 12 வர்தா புயல்ல தெருவுக்குத் தெரு வெளிநாட்டு மரங்களான குல்மொஹரும் பெல்டோபோரமும் வேரோட சாஞ்சு கெடந்தத பாத்தவங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணாம்.

படி 8: கழிவுத் தண்ணி எங்க போகுது

ஃபில்டர் பேக்வாஷ் தண்ணி, அதாவது ஃபில்டர்ல தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டுக் கழுவுற அழுக்குத் தண்ணி, ஒவ்வொரு தடவையும் சில நூறு லிட்டர் வரும். அத ரீசார்ஜ் கிணத்துல விடவே கூடாது, நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும் குடிக்கிற தண்ணி அது. ஒரு திறந்த தொட்டில ரெண்டு மூணு நாள் வெயில்ல நிக்க விட்டா குளோரின் பெரும்பாலும் போயிடும், டெஸ்ட் கிட்ல பாத்துட்டு புல்லுக்கு விடலாம். உப்பு போட்டு குளோரின் பண்ற சால்ட் பூல்னா அதுவும் வேணாம், உப்பு வெயில்ல போகாது, செடி கருகிடும். வாஷிங் மெஷின், குளிக்கிற தண்ணிய கல்வாழைக்கும் வாழைக்கும் திருப்பி விடலாம், கீரைப் பாத்திக்கு விடாதீங்க.

படி 9: வேலை வரிசையும் மாசமும்

தை பொறந்ததும் மட்டம் எடுத்து, நிலத்தடி தண்ணி நல்லா இறங்குனதும் மாசி பங்குனில பூல் குழி தோண்டுங்க. மொத மண்ணுக்கடி பைப் எல்லாம், அப்புறம் பூல் கான்கிரீட், அப்புறம் வாய்க்கால், டெக், கடைசியாதான் லானும் செடியும். நோண்டுற மண்ணுல மேல் ஒரு அடிய தனியா குவிச்சு வைங்க, அது செடிக்கு வேணும், கான்ட்ராக்டர் அத லாரில ஏத்தி வித்துடப் பாப்பாரு. மரக்கன்னு ஆவணி புரட்டாசில வச்சா மழை வரதுக்குள்ள வேர் பிடிச்சுக்கும்.

பூல் ஓட ஆரம்பிச்சப்புறம் வாரம் ரெண்டு தடவ டெஸ்ட்: பிஹெச் 7.2-லருந்து 7.8, குளோரின் 1-லருந்து 3 பிபிஎம். பெருமழைக்கு அடுத்த நாள் கட்டாயம், மழைத்தண்ணி கலந்து குளோரின் நீத்துப் போயிருக்கும், விட்டா மூணு நாள்ல பச்சை. ஃபில்டர் மீட்டர்ல பிரஷர் வழக்கத்த விட எட்டு பத்து பிஎஸ்ஐ ஏறுனா பேக்வாஷ். புரட்டாசி கடைசில எல்லா சேம்பரையும் தொறந்து வண்டல் அள்ளி, ஓவர்ஃப்ளோ பைப்ல ஓஸ் விட்டுப் பாத்து, சம்ப் பம்ப ஒரு தடவ ஓட்டிடுங்க.

அப்புறம் மொத பெருமழை அன்னிக்கு மறுபடி குடையோட வெளிய போங்க, கைல கொஞ்சம் செங்கல் துண்டு. தண்ணி தேங்குற ஓரத்துலல்லாம் ஒரு துண்டு வச்சுட்டு வந்துடுங்க. மழை விட்டதும் அந்த செங்கல்ல மேஸ்திரிகிட்ட காட்டுனா போதும், எங்க ஒரு கூடை மண்ணு ஏத்தணும், எங்க ஒரு இஞ்ச் சீவணும்னு அவரே சொல்லிடுவாரு. என் மனைல ரெண்டாவது தடவ வேலை முடிஞ்சப்புறம் பதினோரு செங்கல் வச்சேன், போன வருஷம் ரெண்டு.